கண்டி மலைகளிற் சாய்வு வண்டிப் பயணம்

கண்டி நகரை அடைந்த ஒவ்வொரு சக்கரமும் ஓர் ஏற்றத்தை வென்ற பின்னரே அங்கு வந்து சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ, மகாவலி கங்கை முப்புறமும் வளைந்தோட, இயற்கை அரண் பெற்று விளங்கியது இந்நகரம். கணவாய்களையும் காடுகளையும் துணையாகக் கொண்டே கண்டி மன்னர்கள் நெடுங்காலம் அந்நியரைத் தடுத்து நின்றனர். 1815-ஆம் ஆண்டில் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன் பின்னர், தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயிற் பாறையைக் குடைந்து வழி திறந்தனர். அத்தெருவை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832-இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. அதே ஆண்டிற் குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. 1867-இற் புகையிரதம் கண்டியை எட்டியது.

புகையிரதத்துக்கும் இவ்வேற்றம் எளிதாயிருக்கவில்லை. றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே இருப்புப் பாதை நாற்பத்தைந்து அடி தூரத்துக்கு ஓர் அடி உயர்கிறது. இருப்புப் பாதையைப் பொறுத்தவரையில் இது கடுமையான ஏற்றமாகும். நீராவி இயந்திரங்களின் காலத்திற் பாரம் மிகுந்த வண்டித் தொடருக்கு றம்புக்கனையில் இரண்டாவது இயந்திரமொன்றை இணைத்தனர். அது துணைநின்று தள்ளிவிட, வண்டி மலையேறியது. துணை இயந்திரம் பூட்டியதனால் அவ்வண்டி கண்டிக்குப் போகவில்லை என்று எவரும் சொன்னதில்லை. இச்சிறு செய்தியை மனத்திற் கொண்டால், பின்னர் கூறப்படும் பொருள் எளிதில் விளங்கும்.

துவிச்சக்கர வண்டியும் காலப்போக்கில் மலைநாட்டுக்கு வந்தது. பள்ளி மாணவர், தபாற்காரர், எழுதுவினைஞர், ஆசிரியர் எனப் பலர் அதில் ஏறிச் சென்றனர். ஏற்றத்தில் இறங்கி உருட்டுவதும் இறக்கத்தில் ஏறிச் செல்வதும் கண்டி வாழ்வின் வழக்கமாயின. ஆயினும் வயது ஏறும்போது இவ்வழக்கத்தைப் பலர் கைவிடுகின்றனர். அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய கால்களில் இன்னும் வலு இருக்கிறது, மூச்சும் குறையவில்லை. ஆனால் முதுகு குனிய மறுக்கிறது; மணிக்கட்டுகள் உடலின் பாரத்தைத் தாங்கமாட்டா; ஒடுங்கிய ஆசனத்தில் அரைமணி நேரம் இருந்தால் மரத்துப் போகிறது. ஞாயிறு தோறும் தம்முடன் வண்டியோட்டிய நண்பர்கள் வாயிலிற் குரல் கொடுத்துவிட்டுச் செல்ல, அவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இழந்தது ஒரு வாகனத்தை மட்டுமன்று, ஒரு கூட்டுறவையுமாகும்.

இத்தகையோருக்கு உதவக்கூடிய ஒரு வண்டி உலகில் உண்டு. இலங்கைத் தெருக்களில் அதனைக் காண்பது அரிது. அதில் ஏறியிருப்பவர் குனிந்திருப்பதில்லை, சாய்ந்திருப்பார். வீட்டுச் சாய்வு நாற்காலியிற் போல முதுகு முழுவதும் ஆசனத்திற் படிந்திருக்க, கால்களை முன்னே நீட்டி, பெடல் எனப்படும் மிதிகளைத் தள்ளுவார். ஆகவே அதனைச் சாய்வு வண்டி என்று அழைப்பது பொருத்தமாகும். சாதாரண வண்டியில் உடலின் பாரம் சிறிய ஆசனத்தின் மீதும் இரு கைகளின் மீதும் பொறுக்கின்றது. சாய்வு வண்டியிலோ அது முதுகு, இடுப்பு, தொடை ஆகிய பரந்த பரப்பிற் பகிரப்படுகின்றது. கைகளுக்கு வண்டியைத் திருப்பும் வேலை மாத்திரமே எஞ்சுகிறது. கழுத்து நிமிர்ந்திருப்பதால் ஓட்டுபவர் தெருவையும் மலையையும் வானத்தையும் நேராகக் காண்கிறார்.

சாய்வு வண்டிகள் பல வகையின. இரு சக்கரங்களையும் தூர வைத்து நீண்டமைந்தது ஒரு வகை. மிதிகள் முன் சக்கரத்துக்கும் முன்னே அமையக் குறுகியிருப்பது மற்றொரு வகை. முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக மூன்று சக்கரங்களுடன் தாழ்ந்திருப்பது மூன்றாவது வகை. மூன்று சக்கர வண்டி தானே நிற்கும், விழுமென்ற அச்சமில்லை. உடற் சமநிலை குன்றியவர்களும் வைத்தியரின் அனுமதியுடன் அதில் ஏறலாம். கையாற் சுழற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிகளை, கால் வலுவற்றோர் பயன்படுத்துவதை ஈழத்திலும் தமிழகத்திலும் பலர் கண்டிருப்பர். காலால் மிதிக்கும் இச்சாய்வு வண்டி அதற்கு ஒரு வகையில் உறவினதென்றே கூறலாம்.

இத்துணை நன்மையுள்ள வண்டி ஏன் பரவவில்லை என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை பிரான்ஸ் தேசத்தில் இருக்கிறது. அங்கு வாழ்ந்த சார்ள்ஸ் மொஷே என்பவர் தம் மகன் ஜோர்ஜுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தார். சாதாரணச் சைக்கிள் ஆபத்தானது எனத் தாய் அஞ்சியதனால், அது நான்கு சக்கரங்களுடன் மிதித்துச் செல்லும் சிறு வண்டியாக அமைந்தது. பிள்ளைக்காகச் செய்த அவ்வண்டியைக் கண்டு பெரியோரும் விரும்பினர். பெரியோருக்கான வண்டிகளைச் செய்த மொஷே, பின்னர் அதனை இரு சக்கரச் சாய்வு வண்டியாகவும் மாற்றியமைத்தார். 1933-ஆம் ஆண்டு யூலை 7-ஆந் திகதி, பிரான்சிஸ் ஃபோர் என்ற ஓட்ட வீரர் அவ்வண்டியில் ஏறி, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். சுவிற்சர்லாந்து வீரர் ஒஸ்கார் எக் 1914-இல் நிலைநாட்டிய 44.247 கிலோமீற்றர் என்ற சாதனை அதுவரை பத்தொன்பது ஆண்டுகள் அசையாதிருந்தது. முதல் வரிசை வீரரென மதிக்கப்படாத ஃபோர் அதனைக் கடந்தார்.

ஆரவாரத்துடன் சர்ச்சையும் எழுந்தது. வெற்றி வீரருடையதா, வண்டியினுடையதா என்று கேட்டனர். துவிச்சக்கர வண்டிப் போட்டிகளை ஆளும் சர்வதேச ஒன்றியம் 1934-இல் அதற்கு முடிவு கூறியது. ஆசனமும் மிதிகளும் எவ்வெவ்விடத்தில் அமையவேண்டும் என அது வரையறை செய்ய, சாய்வு வண்டி போட்டிகளினின்றும் விலக்கப்பட்டது. அதே ஆண்டில் மொஷேயும் காலமானார். விதி பந்தயத்துக்கு மட்டுமே வகுக்கப்பட்டது; வீட்டிலிருந்து கடைக்குச் செல்பவரை அது தடுக்கவில்லை. எனினும் பந்தயத்தில் எவ்வண்டி ஓடுகிறதோ அதனையே தொழிற்சாலைகள் செய்தன; அதனையே மக்களும் வாங்கினர். வேகத்தைப் பற்றிய ஒரு வழக்கின் தீர்ப்பு, வேகத்தையே நாடாத முதியவரிடமிருந்தும் முதுகு வலியுற்றோரிடமிருந்தும் ஒரு வசதியை நீண்ட காலம் மறைத்து வைத்தது. 1970-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்வலர் சிலர் அதற்கு மறுவாழ்வு அளித்தனர். மனித வலுவால் இயங்கும் வாகனங்களுக்கெனச் சர்வதேசச் சங்கமொன்று 1976-இல் தோன்றியது. முற்றும் ஓடு போர்த்திய சாய்வு வண்டியொன்று 2016-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சமதரைத் தெருவொன்றில் மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தையும் கடந்தது.

சமதரையில் இவ்வளவு வேகம் பெறும் வண்டி மலையில் எவ்வாறு செல்லும்? கண்டியில் வாழ்வோர் முதலில் அறியவேண்டியது இதுவே. சமதரையில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவரின் முயற்சியிற் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிற் செலவாகிறது. சாய்ந்திருப்பவர் காற்றுக்குக் காட்டும் பரப்புக் குறைவு. ஆதலின் அவர் அதே முயற்சியில் விரைந்து செல்கிறார். ஏற்றத்திலோ நிலைமை மாறுகின்றது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 95 கிலோகிராம் நிறையெனக் கொள்வோம். இந்நிறையை 400 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு, நல்ல உடல்நிலையுள்ள சாதாரண மனிதர் ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய 100 வாற்று வலுவிற் செய்தால், ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நூற்றுக்கு ஏழு என்ற சரிவுள்ள தெருவில் அவர் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில், நடப்பவருடன் ஒப்பாகவே செல்வார். அவ்வேகத்திற் காற்றின் தடையென்பது பெயரளவிலேயே உண்டு. ஆகவே சாய்வின் பயனும் அங்கே மறைகிறது.

வேறு இடையூறுகளும் உள. சாதாரண வண்டியில் ஏற்றம் வந்ததும் எழுந்து நின்று, உடற்பாரத்தை மிதியின் மேல் இறக்கலாம். சாய்வு வண்டியில் எழ இயலாது. கால் தசைகளே முழு வேலையையும் செய்யவேண்டும். ஆசனத்தின் முதுகில் அண்டிக்கொண்டு பலமாக உதைக்க முடியுமாதலால், அறியாமல் முழங்காலை வருத்திக்கொள்வாரும் உண்டு. தாழ்ந்த கியரில், இலேசாகவும் விரைவாகவும் மிதித்தலே முறை. இரு சக்கரச் சாய்வு வண்டி நடைவேகத்திலே தள்ளாடும்; செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுதல் கடினம். மூன்று சக்கர வண்டியில் இக்குறையில்லை. எத்துணை மெதுவாகச் சென்றாலும், ஏற்றத்தின் நடுவே நின்று இளைப்பாறினாலும் அது சாயாது. எனவே மலைநாட்டுக்கு மூன்று சக்கரமே ஏற்றதெனலாம். ஆனால் அது தாழ்வானது, அகலமும் உடையது. ஒடுங்கிய தெருவில் அதற்குரிய எச்சரிக்கை வேண்டும்.

தனியே செல்பவருக்கு மெதுவாக ஏறுவதால் நட்டமில்லை. கூட்டமாகச் செல்லும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. நால்வர் சாதாரண வண்டியிலும் இருவர் சாய்வு வண்டியிலும் செல்கின்றனரென வைத்துக்கொள்வோம். இறக்கத்திற் சாய்வு வண்டிகள் முன்னே பறக்கும். ஏற்றத்தில் அவை பின்தங்கும். மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் கண்டித் தெருக்களில் அக்கூட்டம் விரிந்தும் சுருங்கியும் செல்லும். முன்சென்றோர் மேட்டின் உச்சியிற் காத்திருப்பர். பின்னே வந்தவர் சேர்ந்தவுடன், இளைப்பாறியவர்கள் புறப்பட்டுவிடுவர். வந்தவரோ இளைப்பாறாமலே அவர்களைத் தொடரவேண்டியிருக்கும். இவ்வாறு மூன்று மேடுகள் கடந்தால், நமது ஓய்வுபெற்ற ஆசிரியர் அடுத்த ஞாயிறு மீண்டும் விறாந்தையிலேயே அமர்ந்துவிடுவார். வண்டி கிடைத்தும் கூட்டுறவு கிடைக்காமற் போகும்.

இதனைத் தவிர்ப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தவர் நீர் அருந்தி, மூச்சு நிதானப்பட்ட பின்னரே கூட்டம் புறப்படவேண்டும். வழியறிந்த ஒருவர் முன்னே செல்லவும், அனுபவமுள்ள ஒருவர் எஞ்ஞான்றும் கடைசியாகவே வரவும் ஏற்பாடு செய்தல் நன்று. கடைசியில் வருபவரைக் கண்டால் அனைவரும் வந்துவிட்டனர் என்பது தெளிவாகும். சாதாரண வண்டியோட்டிகள் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிச் சென்று காற்றினின்றும் மறைவு பெறுவர். தாழ்ந்த சாய்வு வண்டியின் பின்னே அத்தகைய மறைவு பெரிதும் கிடையாது. நெருங்கிச் செல்வதாற் பயன் சிறிது, ஆபத்தோ பெரிது. தாழ இருப்பவர் முன்னுள்ளவரைத் தாண்டித் தெருவைப் பார்க்கவும் இயலாது. ஆதலின் இடைவெளி விட்டுச் செல்லுதலே தக்கது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, பிறர் கண்ணிற் படுதலாகும். கண்டித் தெருக்களில் வளைவுகள் மிகுதி. பஸ் வண்டிகள் நேரத்தைப் பிடிக்க விரைகின்றன. இடுப்பளவு உயரத்தில் வரும் ஒரு வண்டியைச் சாரதிகள் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே நெடிய கம்பியிற் பளிச்சென்ற நிறக்கொடி ஒன்றைப் பின்புறம் கட்டவேண்டும். பகலிலும் விளக்கு எரியவேண்டும். சாய்ந்திருப்பவர் உடலைத் திருப்பிப் பின்னே நோக்குவது கடினமாதலால், இரு புறமும் கண்ணாடிகள் இன்றியமையாதவை. வளைவுகளில் இருவர் இணையாகச் செல்லுதல் ஒருபோதும் ஆகாது.

இனி, எங்கு மிதிப்பது, எங்கு மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்வது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். மலைநாட்டுச் சாய்வு வண்டிப் பயணத்தின் உயிர்நிலை இதுவே.

கண்டியைச் சுற்றிலும் தெருக்கள் ஒரே தன்மையின அல்ல. பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாகக் கம்பளைக்குச் செல்லும் தெரு பெரும்பாலும் மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கைத் தழுவிச் செல்கிறது. ஆறு செல்லும் வழியில் ஏற்றம் மிதமாகவே இருத்தல் இயற்கை. பதினான்காம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த கம்பளைக்குச் சென்று திரும்புதல், பழகிய கூட்டத்துக்கு ஒரு காலைப் பொழுதின் வேலை. ஆனால் கண்டி நகரிலிருந்து பேராதனை வரையுள்ள ஆறு கிலோமீற்றரளவான தெரு எந்நேரமும் வாகனம் நிறைந்தது. தாழ்ந்த வண்டிக்கு அந்நெரிசல் உகந்ததன்று. அப்பகுதிக்கு வண்டிகளை வானில் ஏற்றிச் சென்று, பேராதனைக்கு அப்பால் இறக்குவதே அறிவுடைமை. இங்கே மோட்டார் வண்டி உதவுவது ஏற்றத்தைத் தவிர்ப்பதற்கன்று, நெரிசலைத் தவிர்ப்பதற்காகும்.

இரண்டாவது வழி, பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலைப் பக்கமாகச் சென்று கடலாதெனியா, லங்காதிலகம், எம்பெக்கை ஆகிய மூன்று கோயில்களையும் காண்பது. கடலாதெனியா விகாரையைக் கல்லில் அமைத்தவர் தென்னிந்தியச் சிற்பியான கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. லங்காதிலகத்துப் பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் உள. எம்பெக்கைத் தேவாலயத்தின் மரத்தூண்களிலுள்ள சிற்பங்கள் உலகறிந்தவை. இக்கிராமத் தெருக்கள் வயலும் தோட்டமுமாகக் கண்ணுக்கு இனியன. ஆனால் ஒடுங்கியவை, குறுகிய, செங்குத்தான மேடுகளும் இடையிடையே வருவன. இங்கே வலிமையுள்ளோர் மிதித்து ஏற, இயலாதோர் அம்மேடுகளில் மட்டும் துணை வண்டியின் உதவியைப் பெறலாம். கோயில்கள் அடுத்தடுத்து இருப்பதால், ஒவ்வொன்றும் கூட்டம் மீண்டும் ஒன்றுசேர்வதற்குரிய தரிப்பிடமாகவும் பயன்படும்.

மூன்றாவது வகை, மிதிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாத ஏற்றங்கள். 1925-இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் 2001 முதல் தேயிலை நூதனசாலை இயங்கும் ஹந்தானை மலைத்தெரு அத்தகையது. கண்டியிலிருந்து குண்டசாலை, திகணை, தெல்தெனியா, உன்னஸ்கிரியா வழியாக மகியங்கனைக்குச் செல்லும் தெருவும் அவ்வாறே. பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகளால் அத்தெரு பெயர் பெற்றது. இத்தகைய வழிகளில் வண்டிகளை உயரத்துக்கு ஏற்றிச் சென்று, மேட்டு நிலத்து மிதமான பகுதிகளில் மாத்திரம் ஓட்டலாம். சமதரையையே விரும்புவோர் மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்கு வண்டிகளை ஏற்றிச் செல்வராயின், சாய்வு வண்டியின் உண்மையான இயல்பை அங்கே, உலர்வலயத்துக் குளங்களின் அருகே செல்லும் தெருக்களிற் காண்பர்.

ஏற்றிச் செல்வது எளிதெனத் தோன்றும். செய்யும்போதுதான் அதன் நுட்பம் தெரியும். சாதாரணச் சைக்கிளைக் காரின் பின்புறம் கொழுவுவதற்கெனச் செய்யப்பட்ட தாங்கிகள், சட்டத்தின் மேற்குழாயைப் பற்றிப் பிடிப்பவை. சாய்வு வண்டிக்கு அக்குழாயே இல்லை. நீளமான வண்டி காரின் இரு புறமும் துருத்தி நின்று, எதிரே வருவோருக்கு ஆபத்தாகும். கூரை மீது ஏற்றுவதாயின் பதினைந்து முதல் இருபது கிலோகிராம் நிறையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். முதுகு வலிக்காகவே சாய்வு வண்டியை நாடியவருக்கு இது பொருந்தாத வேலை. மேலும் மலைத்தெருவிற் கூரைப்பாரம் வளைவுகளில் வாகனத்தை ஆட்டும். தாழ்ந்த மரக்கிளைகளும் இடிக்கும்.

ஆகவே பின்னாசனங்களைக் கழற்றிய வானோ, திறந்த சிறு லொறியோ சிறந்தது. முதலில் ஆசனத்தைக் கழற்றவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது சில நிமிடங்களிற் கழன்றுவிடும். முன்நீண்ட மிதிக்குழாயை உள்ளே தள்ளிச் சுருக்கலாம். ஆனால் ஓட்டுபவரின் கால் அளவுக்கு உரிய இடத்தில் முன்னரே வர்ணத்தாற் குறி இட்டுக்கொண்டால், மீண்டும் பொருத்தும்போது தடுமாற்றம் இராது. மடியும் வண்டியாயின் இன்னும் நல்லது. சங்கிலி சாதாரணச் சங்கிலியிலும் இரண்டு மூன்று மடங்கு நீளமாதலால், அது தொய்ந்து ஆசனத் துணியிற் கறைபடியாதவாறு பழைய துணியாற் சுற்றவேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் இடையே சாக்கோ போர்வையோ வைக்கவேண்டும். கயிற்றை உறுதியான சட்டத்திலேயே கட்டுதல் வேண்டும். சக்கரக் கம்பிகளிற் கட்டினால் அவை வளையும். மூன்று சக்கர வண்டியை நிமிர்ந்த நிலையில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, நான்கு புறமும் இழுத்துக் கட்டுவதே நலம். எதுவாயினும் வாகனத்தின் பின்விளக்குகளும் இலக்கத் தகடும் மறையலாகாது. பத்துக் கிலோமீற்றர் சென்றதும் ஒரு முறை நிறுத்திக் கட்டுகளைச் சரிபார்த்தல் வேண்டும். மலைத்தெருவின் குலுக்கலிற் புதுக்கயிறு நிச்சயமாகத் தளரும்.

மோட்டார் வண்டி எங்கே நிற்கவேண்டுமென்பதும் முன்னரே பேசப்படவேண்டியது. சைக்கிள்களின் பின்னே ஊர்ந்து வருமாயின், அது பின்வரும் பஸ்களை மறித்து, அவை அவசரப்பட்டு முந்த முயல்வதற்குக் காரணமாகும். அது முன்னே சென்று அகலமான ஓரிடத்தில் நின்று, அனைவரும் கடந்த பின் மீண்டும் முன்செல்வதே முறை. குடிநீர், முதலுதவிப் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, மாற்று ரியூப்புகள் என்பவை அதில் இருக்கும். ஓரிடத்திற் புறப்பட்டு வேறோரிடத்தில் முடியும் பயணத்தில் இரண்டு மோட்டார் வண்டிகள் பயன்படுவதுண்டு: ஒன்றை முடிவிடத்தில் முன்னரே நிறுத்திவிட்டு, மற்றதிற் புறப்படுமிடத்துக்கு வருவர். அப்போது முடிவிடத்து வண்டியின் சாவி, புறப்படுமிடத்து வண்டிக்குள்ளேயே தங்கிவிடுவது எங்கும் நிகழும் பிழை. முப்பது கிலோமீற்றர் மிதித்து வந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நிற்கும் காட்சி நகைப்புக்கு இடமாயினும், மழை பெய்யும் மாலையில் அது நகைப்பாயிராது.

வாகனத்தை ஓட்டுபவர் ஊழியரல்லர். அவரும் கூட்டத்தின் அங்கத்தவரே. அப்பணி முறைவைத்து மாறவேண்டும். இன்று மிதித்தவர் அடுத்த முறை வாகனத்தை ஓட்டுவாராயின், ஏற்றத்தில் ஏறிக்கொள்பவருக்கும் கூச்சமிராது. எல்லோரும் ஒரு நாள் ஓட்டுவர். எல்லோரும் ஒரு நாள் ஏற்றிச் செல்லப்படுவர்.

இறக்கத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஏறுவது உடலை வருத்தும். இறங்குவதோ உயிரையே பணயமாகக் கேட்கக்கூடும். முன்னர் கூறிய 95 கிலோகிராம் நிறை 400 மீற்றர் இறங்குமாயின், வெளியாகும் சக்தி ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாதாரண வண்டியில் நிமிர்ந்திருப்பவரின் மார்பில் மோதும் காற்று இச்சக்தியிற் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்கிறது. சாய்வு வண்டியிற் காற்றின் தடை குறைவாதலால், அப்பங்கும் பிரேக்கையே சாரும். பிரேக்கை விடாது பிடித்துச் சென்றால் அது சூடேறி வலுவிழக்கும். றிம்மைப் பற்றும் பிரேக்காயின் ரயரே வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னர் நன்கு அழுத்தி வேகத்தைத் தணித்து, பின்னர் விட்டு ஆறவிடுதலே முறை. வளைவுக்குள் நுழைந்த பின் அழுத்துதல், ஈரத்தெருவிற் பெரும் ஆபத்து. நெடிய இறக்கங்களில் இடையே நின்று பிரேக்கைக் குளிரவிடல் வேண்டும். கொண்டையூசி வளைவுகளுள்ள தெருவில், புதிதாகப் பழகியவர் இறக்கத்தையும் மோட்டார் வண்டியிலேயே கழித்தலிற் குறைவொன்றுமில்லை.

திருத்த வேலைக்கும் முன்னேற்பாடு தேவை. கண்டியிலும் கம்பளையிலும் உள்ள சைக்கிள் திருத்தும் கடைகளிற் சாதாரண ரயரும் ரியூப்பும் கிடைக்கும். சாய்வு வண்டிகள் பலவற்றில் முன் சக்கரம் சிறியது. பின் சக்கரம் பெரியது. ஆதலால் இரு வகை ரியூப்புகள் வேண்டும். 20 அங்குலம் என்று ஒரே பெயரால் வழங்கும் றிம்களிலும் 406 மில்லிமீற்றர், 451 மில்லிமீற்றர் என இரு வேறு விட்டங்கள் உள்ளன. ஒன்றுக்குரிய ரயர் மற்றதிற் பொருந்தாது. ரயரின் பக்கத்திற் பொறித்த இலக்கத்தைப் பார்த்து வாங்கி வைத்திருப்பது நலம். சங்கிலியைப் பொறுத்தவரையில் அச்சமில்லை. சாதாரண வண்டிகளுக்குரிய சங்கிலிகளையே இரண்டு மூன்றாக இணைத்து அதனை அமைக்கின்றனர்.

காலநிலையையும் கருதுதல் வேண்டும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் கண்டியிற் பிற்பகல் மழை வழக்கம். சனவரி முதல் மார்ச் வரையுள்ள காலம் ஒப்பளவில் வரண்டது. எந்த மாதமாயினும் விடியற்காலையிற் புறப்பட்டு, நண்பகலுக்குள் பயணத்தை முடித்தல் நன்று. எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் நகரத் தெருக்கள் மக்களால் நிறைவன. அந்நாட்களில் வண்டிகளை வீட்டிலே விட்டுவிட்டு, பெரஹராவைக் காணச் செல்வதே உசிதம்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு சைக்கிள் சவாரிக்கு வேண்டுமா எனச் சிலர் வினவலாம். மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று மிதிப்பது உண்மையான சவாரியாகுமா என்று வேறு சிலர் நகைக்கலாம். 1934-இல் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ இதுவே: எது உண்மையான சைக்கிள்? பந்தயத்தில் அக்கேள்விக்கு இடமுண்டு. ஒருவரையொருவர் வெல்லும் இடத்தில் விதி வேண்டும். ஞாயிறு காலையில் மகாவலிக் கரையிற் செல்லும் நண்பர் கூட்டத்தில் எவரும் எவரையும் வெல்லவேண்டியதில்லை. அங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: புறப்பட்ட அனைவரும் சேர்ந்து வந்தனரா? அதற்கு ஆம் என்று விடை கூற முடியுமாயின், இடையிலே இரண்டு மேடுகளை எவர் எவ்வாறு கடந்தார் என்பது பொருட்டன்று.

பாரம் மிகுந்த புகைவண்டிக்கு றம்புக்கனையில் இரண்டாவது இயந்திரம் பூட்டிய அக்காலத்தவர் மலையின் இயல்பை அறிந்திருந்தனர். மலை எல்லோரிடத்தும் ஒரே வரியைக் கேட்கிறது. எல்லோரிடத்தும் அதனைச் செலுத்தும் வலு ஒரே அளவில் இருப்பதில்லை. உள்ளவர் இல்லாதவருக்குத் துணைநின்று ஏற்றிவிடுவதே மலைநாட்டு வழக்கம். விறாந்தையில் அமர்ந்திருந்த ஆசிரியர் நண்பர்களுடன் கம்பளைத் தெருவிற் கொடி அசைய வருவாராயின், அவருடைய சாய்வு வண்டியைப் போலவே, அதனை ஏற்றி வந்த வானும் அப்பயணத்திற் பங்குடையதாகும்.